பழைய ஆட்டமும் புதிய பொறியும்

நுழையும்முன்

ஓலைச்சுவடி செல்லரித்தால் நூல் அழிகிறது. சுவடி கெடாமல் இருந்தும் அதைப் படிக்க வல்லவர் எவரும் இல்லையெனில், அந்நூல் இருந்தும் இல்லாததே ஆகும். கணினிக் காலத்துப் படைப்புகள் பல இன்று இந்த இரண்டாம் நிலையை அடைந்துவருகின்றன. அவற்றை மீட்டெடுக்கும் வழிகளுள் ஒன்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பரணில் கிடக்கும் பெட்டி

சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம் போன்ற ஊர்களில் 1990-களில் பள்ளி சென்றவர்களிடம் ‘டிவி கேம்’ என்று சொல்லிப் பாருங்கள்; அவர்தம் முகம் மலரும். தொலைக்காட்சியுடன் இணைக்கும் சிறு பெட்டி, கம்பியில் தொங்கும் இரண்டு கைப்பிடிகள், மேலே செருகும் ‘கேசட்’, ஒரு பொம்மைத் துப்பாக்கி ஆகியவையே அதன் உறுப்புகள். நம் ஊர்க் கடைகளில் விற்ற அப்பெட்டிகளுட் பல, ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஃபேமிகாம்’ கருவியைப் பார்த்துச் செய்யப்பட்டவை.

அப்பெட்டி இன்று பரணில் கிடக்கலாம். ஆயினும் அதை இயக்குவது எளிதன்று. கேசட்டின் செப்பு முனைகளில் களிம்பு ஏறியிருக்கும். ஆட்டத்தின் நிலையைச் சேமித்துவைக்கும் கேசட்டுகளில் உள்ள சிறு மின்கலம் தீர்ந்திருக்கும். பெட்டி பழுதின்றி இருந்தாலும், அதன் துப்பாக்கி பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியின் ஒளியை உணருமாறு அமைக்கப்பட்டது. இன்றைய தட்டைத் திரையின் முன் அது செயலற்றுப்போகும்.

அட்டையும் தறியும்

இச்சிக்கலை விளங்கிக்கொள்ளக் கொங்கு நாட்டுத் தறியே துணைசெய்யும். சிறுமுகை போன்ற ஊர்களின் பட்டுத் தறிகளில் ஜக்கார்டு பெட்டியைக் கண்டிருப்பீர்கள். சேலையின் பூவேலைப்பாடு முழுவதும் துளையிட்ட அட்டைகளில் அடங்கியிருக்கும். துளை உள்ள இடத்தில் ஓர் இழை உயரும். இல்லாத இடத்தில் உயராது. அட்டை என்பது கட்டளை. பெட்டி என்பது அக்கட்டளையைப் படித்து நிறைவேற்றும் பொறி. பெட்டி இல்லையேல் அட்டை வெறும் துளைகளின் தொகுதியே.

ஆட்டக் கேசட்டும் அத்தகைய அட்டைக்கட்டுதான். அதனுள் இருப்பவை எண்கள். அவ்வெண்களின் பொருளை அறிந்தது பழைய பெட்டியின் செயலி மட்டுமே. இன்றைய கணினியின் செயலிக்கு அந்த மொழி தெரியாது. பழைய பெட்டியைப் போன்றே நடந்துகொள்ளுமாறு புதிய கணினியைப் பழக்கும் மென்பொருளே எமுலேட்டர். இக்கட்டுரையில் இதனைப் ‘போன்மி’ என்போம்.

போன்மி இயங்கும் முறை

ஃபேமிகாமின் செயலி, 6502 என்னும் செயலியின் வழிவந்தது. அதற்கு 169 என்னும் எண் கட்டளையாக வந்தால், ‘அடுத்து வரும் எண்ணைத் திரட்டகத்தில் வை’ என்று பொருள். எனவே 169, 5 என்று தொடர்ந்து வந்தால் திரட்டகத்தில் 5 அமரும். 232 என்பது வந்தால், எக்ஸ் எனப்படும் பதிவகத்தில் உள்ள எண்ணோடு ஒன்றைக் கூட்ட வேண்டும்.

போன்மி தன் நினைவகத்தில் அந்தத் திரட்டகத்திற்கும் பதிவகங்களுக்கும் இடம் ஒதுக்கிக்கொள்கிறது. பின்னர்க் கேசட்டின் எண்களை ஒவ்வொன்றாக எடுக்கிறது, பொருளறிகிறது, பழைய செயலி செய்திருக்கக்கூடிய மாற்றத்தை அவ்விடங்களில் செய்கிறது. எடுத்தல், அறிதல், செய்தல் ஆகிய மூன்றும் இடையறாது சுழல்கின்றன.

செயலியை மட்டும் பின்பற்றினால் போதாது; காலத்தையும் பின்பற்ற வேண்டும். ஜப்பானியக் கருவியின் செயலி நொடிக்கு ஏறத்தாழ 17 இலட்சத்து 90 ஆயிரம் முறை துடித்தது. திரையில் நொடிக்கு ஏறத்தாழ 60 படங்கள் தோன்றின. அதாவது, ஒரு படத்திற்கு ஏறக்குறைய 29,780 துடிப்புகள். செயலி ஒருமுறை துடிக்கும் நேரத்தில், படம் வரையும் சில்லு மூன்று புள்ளிகளைக் கடந்துவிடும். இந்த ஒழுங்கு பிசகினால் காட்சி சிதறும். பழைய கருவியின் உள்நினைவகம் 2 கிலோபைட்டு மட்டுமே. ஆயினும் அதனைத் துல்லியமாகப் பின்பற்ற, அதனினும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்த கணினி தேவைப்படுகிறது.

கருத்தின் வேர்

ஒரு பொறி மற்றொரு பொறியைப் போல நடக்க முடியும் என்பதை, ஆலன் டூரிங் 1936-ஆம் ஆண்டிலேயே கணித அடிப்படையில் நிறுவினார். ஐ.பி.எம். நிறுவனம் 1964-இல் அறிவித்த சிஸ்டம்/360 கணினி வரிசை, தன் முந்தைய 1401 கணினியின் நிரல்களைப் போன்மி வழியே இயக்கியது. அலுவலகங்கள் தம் பழைய நிரல்களைக் கைவிடாமல் புதிய கணினிக்கு மாற அது வழிவகுத்தது. இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா 1997-இல் வெளியிட்ட ‘மேம்’ என்னும் போன்மி, காசு போட்டு ஆடும் கடை ஆட்டங்களைக் காக்கும் பெருமுயற்சியாக வளர்ந்தது.

நாம் இழக்கக்கூடியவை

ஆட்டங்களைக் காக்க இத்துணை முயற்சி எதற்கு என்று கேட்கலாம். ஐதராபாத்தில் உருவான ‘ஹனுமான்: பாய் வாரியர்’ என்னும் ஆட்டம், 2009-ஆம் ஆண்டு பிளேஸ்டேசன் 2 கருவிக்காக வெளிவந்தது. இந்தியக் கலைஞர்கள் வீட்டுக் கருவிகளுக்கு ஆட்டம் படைக்கக் கற்றுக்கொண்ட காலத்தின் சான்று அது. அக்கருவியின் உற்பத்தி நின்றுபோனதாக 2013-இன் தொடக்கத்தில் செய்தி வந்தது. எஞ்சியுள்ள கருவிகளும் ஒருநாள் ஓய்ந்துவிடும். அன்று அந்த வட்டிலிருந்து ஆட்டத்தை எழுப்பப் போன்மியே துணையாகும். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான ஆட்டங்களுள் 87 விழுக்காடு இப்போது விற்பனையில் இல்லை என 2023-இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது.

இத்தகைய இழப்பு தமிழுக்கும் புதிதன்று. ஒருங்குறி பரவுமுன் எழுத்துருக்கள் பலவும் தமக்கெனக் குறியீட்டு முறை கொண்டிருந்தன. அந்நாளில் தட்டச்சு செய்த மலர்களையும் ஆவணங்களையும் இன்று திறந்தால், தமிழுக்கு மாறாகப் பொருளற்ற குறிகளே தோன்றும். கோப்பு அழியவில்லை, அதைப் படிக்கும் வழிதான் மறைந்தது. உரிய எழுத்துருவோ குறியீட்டு மாற்றியோ கிடைத்தால், அதே கோப்பு மீண்டும் பேசும்.

உரிமையும் கடமையும்

போன்மி வேறு, ஆட்டம் வேறு. போன்மியை எழுதியவர் பொறியின் நடத்தையைப் பின்பற்றுகிறாரேயன்றி, ஆட்டத்தைப் படைத்தவர் அல்லர். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கருதிக் காக்கிறது. கடைகளில் விற்காமல் போனதாலேயே ஓர் ஆட்டம் உரிமையற்றதாகிவிடாது. முறைப்படி தம்மிடம் உள்ள நிரல் கெடாமல் இருக்க, காப்புப்படி எடுத்துக்கொள்ள அச்சட்டம் இடமளிக்கிறது. பிறர் உழைப்பை விலையின்றிப் பரப்புவதற்கு அது இடமளிப்பதில்லை. காத்தலும் கவர்தலும் ஒன்றல்ல என்னும் தெளிவு இத்துறையில் ஈடுபடுவோர்க்கு இன்றியமையாதது.

சுவடிகளைப் பெயர்த்தெழுதியோர், ஓலையைக் காப்பதோடு நின்றுவிடவில்லை. ஓலை அழியும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அதிலிருந்த சொல்லை அடுத்த ஓலைக்கு மாற்றினர். போன்மியை எழுதுவோரும் அதே பணியையே செய்கின்றனர். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பெட்டியோ வட்டோ கேசட்டோ இருக்குமாயின், பழைய பொருள்காரரிடம் எடைக்குப் போடுமுன் அதனுள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டறியுங்கள்.