அட்டையில் இருந்து நீக்கப்பட்ட பெயர்: யார் இந்த மார்க் ப்ளாக்? பிரெஞ்சு ஆய்விதழ் 'அன்னால்' கதை என்ன?

பிரான்ஸ் தன் மாமனிதர்களுக்கு மரியாதை செலுத்தும் இடம், பாரிஸில் உள்ள பாந்தியன். வரலாற்றாசிரியர் மார்க் ப்ளாக்குக்கு அங்கே இடம் அளிக்கப்படும் என 2024 நவம்பரில் அறிவித்தார் அதிபர் இம்மானுவேல் மேக்ரான். இதே ப்ளாக்கின் பெயர், அவரே தொடங்கிய இதழில் இருந்து ஒருமுறை நீக்கப்பட்டது. ஏன்?

எங்கே தொடங்கியது?

1929 ஜனவரி. ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மார்க் ப்ளாக், லூசியன் ஃபெவ்ர் இருவரும் சேர்ந்து தொடங்கிய வரலாற்று ஆய்விதழ்தான் 'அன்னால்'.

அப்படி என்ன புதுசு?

அதுவரை வரலாறுன்னா பெரும்பாலும் ராஜாக்கள், போர்கள், ஒப்பந்தங்கள்தான். இவங்க கேட்ட கேள்வியே வேற. தானியம் என்ன விலைக்கு வித்தது? வயலை எந்தக் கலப்பையால் உழுதாங்க? சாதாரண மக்கள் எதையெல்லாம் நம்புனாங்க? பதில் தேட புவியியல், பொருளாதாரம், சமூகவியல் ஆகியவற்றைத் துணைக்கு அழைத்தனர். கிராமத்து வயல்களைக் காட்டும் பழைய நில வரைபடங்களும் வரலாற்று ஆதாரங்கள் ஆகின.

பெயர் நீக்கப்பட்டது ஏன்?

1940-ல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு, ஜெர்மனிக்கு இணங்கிப்போன விஷி அரசு யூதர்களுக்கு எதிரான சட்டத்தைக் கொண்டு வந்தது. பத்திரிகை நடத்தவும் அவர்களுக்குத் தடை விழுந்தது. ப்ளாக் ஒரு யூதர். அவர் நீடித்தால் இதழே பறிபோகலாம். விலகிக்கொள்ளும்படி ஃபெவ்ர் வற்புறுத்தினார். முதலில் மறுத்த ப்ளாக், 1941-ல் சம்மதித்தார். ஆனா எழுதுவதை நிறுத்தலை. 'ஃபூஜேர்' என்ற புனைபெயரில் அதே இதழில் தொடர்ந்து எழுதினார்.

ஃபெவ்ர் இதழைக் காப்பாற்றினாரா, நண்பரைக் கைவிட்டாரா? வரலாற்றாசிரியர்கள் மத்தியில் நீண்ட காலமாக நடக்கும் விவாதம் இது.

பிறகு என்ன ஆச்சு?

ஐம்பது வயதைக் கடந்த ப்ளாக், நாஜி எதிர்ப்பு ரகசிய இயக்கத்தில் சேர்ந்தார். 1944 மார்ச்சில் லியோன் நகரில் கைதாகி, கெஸ்டபோவால் சித்திரவதை செய்யப்பட்டார். ஜூன் 16 அன்று மற்ற கைதிகளுடன் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 57. நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் தரையிறங்கி 10 நாட்கள்தான் ஆகியிருந்தன.

இதழ் என்ன ஆனது?

போருக்குப் பின் ஃபெவ்ர், அடுத்து ஃபெர்னாண்ட் பிராடெல் தலைமையில் 'அன்னால்' உலகப் புகழ் பெற்றது. விலைவாசி, உணவு, நோய், பருவநிலை என எல்லாமே வரலாறுதான் என்ற பார்வையை உலகெங்கும் கொண்டு சேர்த்த இந்த இதழ், இன்றும் பாரிஸில் இருந்து வெளிவருகிறது.