உப்புக்காற்றும் பிரேக் காலிபரும்

மரக்காணத்து உப்பளக் கரையோரத்தில் கார் வைத்திருப்போர், பிரேக்கின் சக்தியை விருத்தி செய்யக் கருதிப் பெரிய காலிபர் வாங்குமுன், உள்ளதன் பின்கள் துருவால் இறுகி ஒருபக்கப் பேடு மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று பரிசோதிப்பது உத்தமம்.

1953இல் லெமான் பந்தயத்தை வென்ற ஜாகுவாரால் பிரசித்தி பெற்ற டிஸ்க் பிரேக்கில், மிதிக்கும் விசை திரவத்தின் வழியே காலிபரிலுள்ள பிஸ்டனைத் தள்ள, பேடுகள் தட்டைக் கவ்வுகின்றன. தட்டு பெரிதானால் உஷ்ணத்தைத் தாங்கும் திறனும் கூடும். ஆனால் பிஸ்டன் பெரிதாகி, மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருப்பின், அதிகத் திரவம் வேண்டிப் பெடல் ஆழமாக இறங்கும்.

அடுத்தது சக்கரப் பொருத்தம். 16 அங்குல ரிம்கள் இரண்டு, விட்டத்தில் ஒன்றாயினும், ஆரக்கால்களின் வளைவிலும் ஆஃப்செட்டிலும் வேறுபடுமாதலால், ஒன்று காலிபரைத் தொடாமல் சுழல, மற்றொன்று உரசக்கூடும். ஆகவே டயரில்லாத ரிம்மை முதலில் பூட்டி, கையால் மெல்லச் சுழற்றி, உட்புறம் ஒட்டும் பேலன்ஸ் எடைக்கும் இடமுண்டா என்று பார்த்து, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பிச் சோதிக்க வேண்டும்.

இத்தனை செய்தும், டயரின் பிடிமானத்தை மீறி எந்தக் காலிபரும் காரை நிறுத்திவிடாது; ஆதலால் தேய்ந்த டயருக்கே முதற்செலவு நியாயம்.