பலகையேறிக் கடல் கடப்போர்

மட்டக்களப்பு வாவிக் கரையிலே வைகறை வேளையில் உலாவியோர்க்கு ஒரு காட்சி பழக்கமானது. ஒடுங்கிய தோணியொன்றில் ஒருவர் நிமிர்ந்து நிற்பார். நீண்ட கோலை நீரில் ஊன்றித் தள்ளுவார். தோணி ஆடும், அவர் ஆடார். அந்த மனிதரைத் தோணியினின்றும் இறக்கி, வெறும் பலகையொன்றின்மேல் நிறுத்தி, கையில் ஒரு துடுப்பை மாத்திரம் கொடுத்து, கோல் ஊன்ற இயலாத ஆழ்கடலில் விட்டால் எப்படியிருக்கும்?

இதனைக் கற்பனை செய்து பார்க்க வேண்டியதில்லை. பசுபிக் சமுத்திரத்தின் நடுவேயுள்ள ஹவாய்த் தீவுகளில் மனிதர் இவ்வாறே கடல் கடந்திருக்கின்றனர். மொலொக்காய், ஓவாகு என்னும் இரு தீவுகளுக்கும் இடையே கைவி என்றொரு நீரிணை உண்டு. அதன் அகலம் ஏறக்குறைய 26 மைல். ஆழம் 700 மீற்றர் வரை செல்லும். இந்நீரிணையைப் பலகையிற் கடக்கும் போட்டி 1997 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டது. புறப்படும் இடத்திலிருந்து முடிவிடம் வரை உள்ள தூரம் 32 மைல். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 18 மைல் என்பதை நினைத்துப் பார்த்தால், இப்பயணத்தின் கடுமை விளங்கும்.

முதலில் பலகைமீது படுத்தும் முழந்தாளிட்டும் கைகளால் நீரை வலித்துச் செல்வோரே இதிற் பங்குபற்றினர். நின்றவாறு துடுப்பு வலிப்போர் பின்னர் சேர்ந்தனர். நீருக்குமேல் எழுந்து பறக்கும் நவீன இறக்கைப் பலகைகளை விடுத்துப் பார்த்தால், நின்று வலிப்போருள் மிகச் சிறந்தோர்க்கும் நான்கு மணிக்கு மேற்பட்ட நேரம் செல்லும். ஏனையோர் ஆறு, ஏழு மணி நேரம் வெயிலிலும் அலையிலும் போராட வேண்டும். கைகளால் வலிக்கும் பிரிவில் அவுஸ்திரேலியரான ஜேமி மிச்செல் 2002 தொடக்கம் 2011 வரை பத்து ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் பெற்றார்.

இத்தகையோர் எவ்வாறு பயில்கின்றனர்? எதனை உண்கின்றனர்? எக்கருவிகளைக் கொள்கின்றனர்? இம்மூன்று வினாக்களுக்கும் அடியில் வேறொரு வினா இருக்கிறது. "இது என்னைக் கரை சேர்க்குமா?" என்பதே அது. அதனை மறந்தவனுக்கு மற்றவையெல்லாம் வீண்.

உயிர் மீட்ட பலகை

அலைமேற் சறுக்குதல் ஹவாய் மக்களின் பழம்பெருங் கலை. அரசரும் குடிகளும் அதில் ஈடுபட்டனர். அக்கலையை உலகறியச் செய்தவர் டியூக் கஹானமோக்கு. 1890 இற் பிறந்த இவர், 1912 இல் ஸ்ரொக்ஹோமிலும் 1920 இல் அன்ற்வேப்பிலும் நடைபெற்ற ஒலிம்பிக் விழாக்களில் 100 மீற்றர் நீச்சலிலே தங்கப் பதக்கம் வென்றார்.

ஆயினும் பதக்கங்களிலும் பெரியதொரு செயலை அவர் 1925 ஆம் ஆண்டு ஜூன் 14 ஆந் திகதி புரிந்தார். கலிபோர்னியாக் கரையோரத்தில், கொந்தளித்த அலைகளிடையே 'தெல்மா' என்னும் மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. அதிலிருந்தோர் 29 பேர். கரையில் நின்ற டியூக் தமது பாரிய பலகையுடன் கடலிற் பாய்ந்தார். மூழ்கிக் கொண்டிருந்தோரைப் பலகையில் ஏற்றிக் கரைசேர்த்து, மீண்டும் மீண்டும் திரும்பிச் சென்றார். அன்று உயிர் தப்பியோர் 12 பேர். அவருள் எண்மரை மீட்டவர் டியூக். விளையாட்டுப் பொருளென எண்ணப்பட்ட பலகை, உயிர்காக்கும் கருவியும் ஆகும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

வைக்கிக்கிக் கடற்கரையில் அலைச்சறுக்கல் கற்பித்தோர், மாணவரை நன்கு கவனிக்கவும் புகைப்படம் எடுக்கவும் பலகைமேல் எழுந்து நின்று, ஓடத்துக்குரிய துடுப்பினால் வலித்துச் செல்வர். இவ்வழக்கமே நின்று துடுப்பு வலித்தலின் தொடக்கம் எனலாம். காலப்போக்கில் அருகிப்போன அதனை, இருபதாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி லெயார்ட் ஹமில்ற்றன், டேவ் கலாமா முதலிய அலைவீரர்கள் மீண்டும் எழுப்பினர்.

உடலைப் பழக்குதல்

துடுப்பு வலிப்பது கையின் வேலை என்று எண்ணுவோர் பலர். அது பிழை. கையை மாத்திரம் நம்புவோன் அரைமணி நேரத்தில் ஓய்ந்துவிடுவான். முழந்தாளைச் சிறிது மடக்கி, பாதங்களைத் தோளகலத்திற்கு விரித்து, துடுப்பை இயன்றவரை முன்னே நீட்டி, அதன் அலகு முழுவதும் நீரில் மறையும்படி ஊன்றுதல் வேண்டும். பின்னர் உடம்பின் நடுப்பகுதியும் கால்களும் சேர்ந்து, ஊன்றிய துடுப்பை நோக்கிப் பலகையை இழுத்தல் வேண்டும். துடுப்பு பாதத்தை அடைந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்குப் பின்னாலும் வலித்தால் பலகையின் வால் அமிழுமேயன்றி வேகம் கூடாது. பார்வை காலடியில் அன்றி, தொடுவானத்தில் இருத்தல் நன்று. காலடியைப் பார்ப்பவன் விரைவில் விழுவான்.

பயிற்சியின் பெரும்பகுதி இலேசானதாயிருக்க வேண்டும் என்பது கற்றோர் கருத்து. வலித்துக்கொண்டே பக்கத்திலுள்ளவருடன் பேசக்கூடிய வேகமே அதற்கு அளவு. வாரத்தில் ஓரிரு நாள் மாத்திரம் நான்கு நிமிடம் முழு மூச்சுடன் வலித்து, மூன்று நிமிடம் ஆறி, மீண்டும் தொடங்குவர். ஒருநாள் நீண்ட தூரம் செல்வர். தரையிலே குந்தியெழுதல், உடம்பைப் பலகைபோல் நேராக நிறுத்துதல், ஒற்றைக்காலில் நிற்றல் ஆகியவை துணைப் பயிற்சிகள். போட்டி நெருங்கும்போது பயிற்சியைக் குறைத்து உடலை ஆறவிடுவர்.

அலைச்சறுக்குவோர்க்கும் இதில் ஒரு பாடமுண்டு. கடலில் அவர்கள் கழிக்கும் நேரத்தில், அலைமீது உண்மையிற் சறுக்குவது நூற்றுக்குப் பத்துக்கும் குறைந்த பங்கே. எஞ்சிய நேரமெல்லாம் கைகளால் வலிப்பதிலும் காத்திருப்பதிலும் கழியும். ஆகவே சறுக்கக் கற்பதற்கு முன் வலிக்கக் கற்க வேண்டும். வலிக்கக் கற்பதற்கு முன் நீந்தக் கற்க வேண்டும்.

இங்கே இளைஞர்க்கு ஓர் எச்சரிக்கை. மூச்சடக்கும் பயிற்சியை நீரிலே தனித்துச் செய்தல் ஒருபோதும் கூடாது. நீரில் மூழ்குமுன் வேகவேகமாக மூச்சு விடுவதால் இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டு குறைகிறது. மூச்சு விடவேண்டும் என்னும் தவிப்பை எழுப்புவது அதுவே. தவிப்பு எழாமலே ஒட்சிசன் தீர்ந்துவிட, நன்றாக நீந்தத் தெரிந்தவரும் முன்னறிகுறியின்றி மயங்கி மூழ்குவர். இடுப்பளவு நீரிலும் இவ்வாறு உயிர் போகும்.

உணவும் நீரும்

பழைய ஹவாய் மக்கள் சேப்பங்கிழங்கை அவித்து இடித்துச் செய்த 'பொய்' என்னும் கூழை முக்கிய உணவாகக் கொண்டனர். கிழங்கும் மீனும் உண்டே அவர்கள் கடலை ஆண்டனர். இக்கால ஆராய்ச்சியும் அதற்கு மாறாக எதுவும் கூறவில்லை. நீண்ட உழைப்புக்கு வேண்டிய முதன்மை எரிபொருள் காபோவைதரேற்று. சோறு, கிழங்கு, கஞ்சி முதலியவற்றைப் போட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் அளவாக உண்டு, கொழுப்பையும் மிகுந்த காரத்தையும் தவிர்ப்பது நன்று.

ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்டால், செல்லும்போதே உண்ண வேண்டும். மணிக்கு 30 தொடக்கம் 60 கிராம் வரை காபோவைதரேற்றுக் கொள்ளலாம் என்பது பொதுவிதி. பெரிய வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. இரண்டரை மணிக்கு மேற்பட்ட போட்டிகளில், வயிற்றைப் பழக்கியோர் பலவகை வெல்லங்களைக் கலந்து 90 கிராம் வரை கொள்வர். "வயிற்றைப் பழக்கியோர்" என்பதைக் கவனிக்க. பயிற்சியின்போது உண்டு பழகாத எதனையும் போட்டியன்று உண்ணலாகாது.

நீரைப் பொறுத்தவரை, மணிக்கு அரை லீற்றர் அளவிலே சிறிது சிறிதாகக் குடிப்பது பெரும்பாலோர்க்குப் பொருந்தும். வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. வெறும் நீரை அளவின்றிக் குடித்தால் இரத்தத்திற் சோடியம் குறைந்து, மயக்கமும் உயிராபத்தும் நேரலாம். நமது இளநீரிற் பொற்றாசியம் மிகுதி, சோடியமோ குறைவு. எனவே ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக் கொள்வது பொருத்தம். எத்துணைத் தாகம் எடுப்பினும் கடல்நீரைக் குடித்தலாகாது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் சிறுநீரகம் அத்துணைச் செறிவான உப்பை வெளியேற்ற வல்லதன்று. குடிக்கக் குடிக்க உடல் நீரை இழக்கும்.

கருவிகள்

டியூக் கஹானமோக்கு 1930 இல் செய்த பலகை 16 அடி நீளமும் 114 இறாத்தல் எடையும் உடையது. இக்காலப் போட்டிப் பலகை, இலேசான நுரைப்பொருளின்மேல் கண்ணாடி நாரோ காபன் நாரோ போர்த்துப் பிசினால் இறுக்கப்பட்டது. அதன் நீளம் பெரும்பாலும் 14 அடி; அகலம் இரண்டடி அளவு. ஒடுங்கிய பலகை விரையும். ஆனால் எளிதிற் கவிழ்க்கும். தொடக்க நிலையினர் 10 அடிக்குச் சிறிது மேற்பட்ட நீளமும் 32 அங்குல அகலமும் உள்ள பலகையைக் கொள்வதே அறிவுடைமை. துடுப்பு, நிற்பவரின் தலைக்கு மேல் ஆறு தொடக்கம் பத்து அங்குலம் உயர்ந்திருக்கலாம். அதன் அலகு முன்னோக்கிச் சாய்ந்திருக்கப் பிடிக்க வேண்டும். பழகாதார் பலர் அதனைத் தலைகீழாய்ப் பிடித்து வீணே உழல்வர்.

இவையனைத்திலும் மலிவானதும் இன்றியமையாததும் காலையும் பலகையையும் பிணைக்கும் கயிறு. 1970 களின் தொடக்கம் வரை அலைவீரர்க்கு அது இருக்கவில்லை. பலகை தவறினால் நீந்தியே பிடிக்க வேண்டும். கலிபோர்னியாவில் குளிர்நீர்க்கான இறப்பர் உடைகளைச் செய்து புகழ்பெற்றவர் ஜாக் ஓநீல். அவருடைய மகன் பற் ஓநீல் இக்கயிற்றைப் பரப்பியோருள் ஒருவர். அக்காலக் கயிறு மிகையாக நீண்டு சுருங்கும் இறப்பரால் ஆனது. 1971 இல் அது பலகையைச் சுண்டியிழுத்து வீச, ஜாக் ஓநீல் இடக்கண்ணை இழந்தார். அதன் பின்னரும் கயிறு கைவிடப்படவில்லை, திருத்தப்பட்டது.

ஆயினும் ஒரே கயிறு எல்லா நீருக்கும் பொருந்தாது. ஓடும் ஆற்றில் கணுக்காற் கயிறு வேரிலோ கல்லிலோ சிக்கினால், நீரின் விசை மனிதனைக் குனியவிடாது அமிழ்த்திவிடும். அங்கே இடுப்பிற் கட்டி, ஒரே இழுப்பில் அவிழ்க்கத்தக்க கயிறே வேண்டும். உயிர்காப்பு அங்கியும் ஊதுகுழலும் எங்கும் வேண்டும்.

கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றுக்கு அஞ்சுக! கரையோர நீர் கண்ணாடிபோல் அமைதியாய்த் தோன்றும். ஆனால் நிற்கும் உடல் பாய்போலாகிக் காற்றில் அள்ளுண்டு போகும். அகப்பட்டால் உடனே முழந்தாளிட்டோ படுத்தோ கரைநோக்கி வலிக்க வேண்டும். எது நேரினும் பலகையைக் கைவிடலாகாது. பலகையே தோணி.

திரும்பி வராதவர்

எடி ஐக்காவு, ஓவாகுத் தீவின் வைமேயாக் குடாவில் உயிர்காப்பாளராயிருந்தவர். பேரலைகளில் இணையற்ற வீரர். பண்டைப் பொலினீசியரின் முறையில் அமைந்த 'ஹோக்குலேயா' என்னும் இரட்டைத் தோணியில், 1978 மார்ச் 16 ஆந் திகதி தாகித்தியை நோக்கிப் புறப்பட்டோருள் அவரும் ஒருவர். அன்றிரவே புயற்காற்றில் மொலொக்காய்த் தீவுக்குத் தெற்கே தோணி கவிழ்ந்தது. மறுநாள், தோழர்களுக்கு உதவி தேடி, எடி தமது பலகையில் லானாய்த் தீவை நோக்கித் தனியே வலித்துச் சென்றார். தோணியிலிருந்தோர் பின்னர் மீட்கப்பட்டனர். எடியை எவரும் மீண்டும் காணவில்லை. அப்போது அவருக்கு வயது 31.

அவருடைய ஆற்றலில் குறையில்லை, துணிவிலும் குறையில்லை. எத்துணை ஆற்றலும் கடலுக்கு ஈடன்று என்பதையே அவர் முடிவு காட்டுகிறது. கைவி நீரிணைப் போட்டியில் ஒவ்வொருவருக்கும் துணைப்படகு கட்டாயமாக்கப்பட்டிருப்பதன் பொருள் இதனால் விளங்கும்.

நமது நாட்டிலும் பொத்துவிலையடுத்த அறுகம்குடாவில் ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரையும், தெற்கே வெலிகமையில் நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரையும் அலைச்சறுக்குவோர் கூடுகின்றனர். நம் இளைஞரும் பலகையேறத் தொடங்கியுள்ளனர். பெற்றோர் தடுக்கவேண்டியதில்லை, ஆனால் மூன்று வினாக்களைக் கேட்கவேண்டும். நன்றாக நீந்துவாயா? உன்னோடு வருபவர் யார்? எத்தனை மணிக்குத் திரும்புவாய்? இம்மூன்றுக்கும் விடையில்லாதவன் அன்று கரையில் நிற்பதே மேல்.

வாவியிலே கோலூன்றும் அந்தத் தோணிக்காரர் எந்தப் போட்டியிலும் பரிசு பெற்றதில்லை. காற்றின் குறி மாறினால் வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடுவார். மறுநாட் காலையிலும் அவரை அங்கே காணலாம்.