வெங்காயம் போல் இருக்கும், ஜன்னலோரம் பூக்கும்!
சமையலறைப் பக்கம் மட்டும் கொண்டு போகாதீர்கள்

சென்னை, மூன்றாவது மாடியில் வாடகை வீடு. முற்றம் கிடையாது, ஒரு பிடி மண் கிடையாது. "இந்த லட்சணத்திலே பூச்செடி வேறயா?" என்று அலுத்துக்கொள்ளும் குடும்பங்களுக்கும் ஒரு வழி இருக்கிறது.

ஒரு தொட்டி, ஒரு கிழங்கு. அவ்வளவுதான்!

நர்சரிக்காரர்கள் இதை 'பல்ப்' என்பார்கள். விளக்கு பல்ப் அல்ல! பார்வைக்குப் பெரிய வெங்காயம் மாதிரியே இருக்கும். உள்ளேயும் அதே அடுக்குகள். செடிக்கு வேண்டிய உணவு எல்லாம் அதில்தான் இருக்கிறது. வழிப்பயணத்துக்குக் கட்டிய கட்டுச்சோறு மாதிரி!

எதை வாங்கலாம்?

வீட்டுக்குள் வைக்க ஏற்றது அமரில்லிஸ். தென் அமெரிக்காவில் இருந்து வந்தது. சென்னைச் சூட்டுக்கு அசராது. சிவப்பு, வெள்ளை, ரோஸ் நிறங்களில் உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கும்.

வாசனை வேண்டுமா? மாலை கட்டுகிற சம்பங்கியின் கிழங்கை நடலாம். ஆனால் அதற்கு நேர் வெயில் வேண்டும், பால்கனிதான் சரி.

படத்தைப் பார்த்து டூலிப் கிழங்குக்குக் காசு கொடுத்து ஏமாற வேண்டாம். அதற்குச் சுமார் 3 மாதம் குளிர் தேவை. ஸ்ரீநகரில் உள்ள டூலிப் தோட்டம் பூத்துக் குலுங்குவது காஷ்மீர்க் குளிரின் உபயம்! நம் ஊரில் 'பிரிட்ஜ்'ஜில் வைத்துத்தான் பூக்க வைக்க வேண்டும். அங்கேயும் பக்கத்தில் ஆப்பிள் இருந்தால் போச்சு! பழத்தில் இருந்து வரும் வாயு மொட்டைக் கெடுத்துவிடும்.

நடுவது எப்படி?

அமரில்லிஸ் கிழங்கைச் சுற்றி 1 அங்குலம் இடம் இருந்தால் போதும். பெரிய தொட்டி வேண்டாம். அடியில் ஓட்டை அவசியம். செம்மண், மணல், மக்கிய எரு கலந்து நிரப்பி, கிழங்கின் மேல்பாகம் வெளியே தெரியும்படி நட வேண்டும். முழுக்கப் புதைத்தால் அழுகிவிடும்.

முளை காட்டும் வரை தண்ணீர் கொஞ்சமாக. தண்டு வெளிச்சத்தைப் பார்த்துச் சாயும். தொட்டியை அடிக்கடி திருப்பி வையுங்கள். சுமார் 2 மாதத்தில் பூ!

பூ உதிர்ந்ததும்...

"பூ போச்சு, தொட்டியக் காலி பண்ணிடலாமா?" இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பூத்தண்டை மட்டும் வெட்டுங்கள். இலையைத் தொடாதீர்கள். அடுத்த பூவுக்கான உணவை இலைதான் தயாரித்துக் கிழங்குக்கு அனுப்புகிறது. மழைக்காலத்தில் நனையாத இடத்துக்கு மாற்றி, 2 மாதம் தண்ணீரை நிறுத்துங்கள். பிறகு மீண்டும் ஊற்றினால் மறுபடி துளிர்க்கும்.

உஷார்!

அமரில்லிஸ் கிழங்கில் விஷம் உண்டு. வெங்காயம் என்று நினைத்துத் தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்குதான்! செங்காந்தளின் கண்வலிக் கிழங்கு இதைவிடக் கொடியது, உயிரையே பறிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். வாங்கிய கிழங்கை வெங்காயக் கூடை அருகே வைக்காமல், பெயர் எழுதித் தனியே வையுங்கள்.

தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தண்ணீர் தேங்கினால் 'டெங்கு' கொசு குடியேறும். தேங்கிய நீரை உடனே கொட்டிவிடுங்கள்.

இவ்வளவு கவனித்தால் வருஷா வருஷம் பூ பார்க்கலாம். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னாலும் கவலை இல்லை. கையோடு தூக்கிக்கொண்டு போகிற தோட்டம் இது!