பூகோளப் பாடம் உயிரைக் காக்கும்! டப்பாவும் குச்சியும் போதும்

சென்னை:-

"மேப்பா? ஆளை விடுங்க சார்!"

பூகோளம் என்றாலே பத்தாம் வகுப்பு மாணவர்கள் பலர் இப்படித்தான் ஓடுகிறார்கள். பரீட்சைக்கு நாலு ஊரைக் குறித்தால் போதும் என்ற நினைப்பு! ஆனால் பூகோளப் பாடம் உயிரைக் காப்பாற்றும். காப்பாற்றியும் இருக்கிறது!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. தாய்லாந்து நாட்டின் மைக்காவ் கடற்கரை. இங்கிலாந்தில் இருந்து பெற்றோருடன் வந்திருந்தாள், டில்லி சுமித் என்ற 10 வயதுச் சிறுமி. கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்ததும், சுனாமி வரப்போகிறது என்று அலறினாள். அப்பா ஓட்டல் காவலாளியிடம் சொன்னார். கரையில் இருந்தவர்கள் ஓடினார்கள். சுமார் 100 பேர் பிழைத்தார்கள்!

அந்தச் சின்னப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது? 2 வாரத்துக்கு முன்புதான் பூகோள வகுப்பில் ஆசிரியர் ஒரு படம் போட்டுக் காட்டியிருந்தார். 1946-ல் ஹவாய் தீவுகளைத் தாக்கிய சுனாமி பற்றிய படம் அது.

அதே நாளில் நம்ம மாமல்லபுரத்திலும் கடல் உள்வாங்கியது. பாறைகள் வெளியே தெரிந்தன. அது ஆபத்தின் அறிகுறி என்று அன்று பலருக்குத் தெரியாது.

மாடியிலே 2 லாரி தண்ணீர்

படம் காட்ட வசதி இல்லையா? கவலை வேண்டாம். நேரான பக்கம் உள்ள ஒரு டப்பாவைப் பள்ளிக்கூட மொட்டை மாடியில் திறந்த வெளியில் வையுங்கள். மழை நின்றதும் ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். பேப்பரில் வரும் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் மழை அளவோடு ஒப்பிடட்டும்.

அப்புறம் ஒரு கணக்கு. 1 சதுர மீட்டரில் 1 மில்லி மீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். ஒரு கிரவுண்ட் மாடியில் 10 சென்டி மீட்டர் மழை பெய்தால்? சுமார் 22 ஆயிரம் லிட்டர்! 9 ஆயிரம் லிட்டர் லாரி இரண்டுக்கு மேலே! 2019-ல் ஏரிகள் வற்றி, குடத்தோடு தெருவில் நின்ற ஊர் இது. மழைநீர் சேமிப்பு ஏன் என்று பையன்களுக்குத் தானாகவே புரியும்.

வெள்ளம் எந்தப் பக்கம்?

அடுத்து, சென்னை வரைபடம். செம்பரம்பாக்கம் ஏரியில் திறக்கும் தண்ணீர் எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது? விரலால் அடையாற்றைத் தொடரச் சொல்லுங்கள். சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வரும். 2015 டிசம்பரில் வெள்ளம் புகுந்த இடங்கள்! "நம்ம தெரு மேடா, பள்ளமா? தண்ணி வந்தா எங்கே ஓடணும்?" என்று கேளுங்கள். வகுப்பே விழித்துக்கொள்ளும்.

ஒரு குச்சியும் போதும். ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 தேதிகளை ஒட்டி, பகல் 12 மணி சுமாருக்குச் சென்னையில் நட்டுப் பாருங்கள். நிழலே விழாது! சென்னை 13-வது அட்சரேகையில் இருப்பதுதான் காரணம். மனப்பாடம் வேண்டாம், கண்ணாலேயே பார்க்கலாம்.

"போர்ஷனை முடிக்கணுமே, இதுக்கெல்லாம் நேரம் ஏது?" என்பது ஆசிரியர்களின் குறை. நியாயம்தான். ஆனால் வாரத்தில் ஒரு பீரியட் போதும். செலவும் கிடையாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் மாடியில் ஒரு டப்பா ஏறட்டும்!