உண்ணியை முகர்ந்து பிடிக்கும் தேனீ

அமெரிக்காவில் வீட்டுத் தோட்டத்தில் ஒன்றிரண்டு தேன் பெட்டி வைத்திருப்பவர்கள் கூடினால் பேச்சு தேனைப் பற்றி இருக்காது, வரோவா உண்ணியைப் பற்றித்தான் இருக்கும். செம்பழுப்பு நிறம், ஒன்றரை மில்லிமீட்டர் அகலம். 1987இல் அந்நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. தேனீயின் உடற்கொழுப்பைத் தின்பதோடு, இறகைச் சுருட்டிவிடும் வைரஸையும் பரப்புகிறது. சில மருந்துகள் உண்ணிக்குப் பழகிப்போய்விட்டன. எனவே, எதிர்ப்புள்ள ரகம் எது என்று தேடுகிறார்கள்.

லூசியானாவின் பேட்டன் ரூஜில் உள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில் 1990களில் ஜான் ஹார்போவும் ஜெஃப்ரி ஹாரிஸும் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். சில கூட்டங்களில் உண்ணிகள் முட்டையிடுவதே குறைந்திருந்தது. தேனீயிடம் ஏதோ ஒன்று உண்ணியை மலடாக்குகிறது என்று முதலில் நினைத்தார்கள். உண்மை வேறு. புழு அறை மெழுகால் மூடப்படுவதற்குச் சற்று முன் உள்ளே நுழையும் உண்ணி, மூடிய இரண்டு மூன்று நாளில் முட்டையிடத் தொடங்கும். இந்தக் கூட்டங்களின் பணித் தேனீக்கள் அதை மூடிக்கு வெளியிலிருந்தே முகர்ந்து, அறையை உடைத்து, கூட்டுப்புழுவை இழுத்துப் போட்டுவிடுகின்றன. முட்டையிட்ட உண்ணிகள் இருந்த அறைகள் காலியாகிவிட, ஆய்வாளர் கண்ணில் மலட்டு உண்ணிகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன! இந்த ரகத்தை இன்று வி.எஸ்.ஹெச். என்கிறார்கள். என் முதல் தேர்வு இதுதான்.

ரஷ்யத் தேனீ இன்னொன்று. உண்ணியோடு நெடுங்காலம் வாழ்ந்து தேறிய பிரிமோர்ஸ்கி பகுதித் தேனீக்களை 1997இல் அதே ஆய்வகம் கொண்டுவந்தது. மகரந்த வரத்து குறைந்தால் ராணி முட்டையிடுவதைச் சட்டென்று குறைத்துவிடும். உண்ணிக்கும் இடம் குறையும். ஆனால் வேறு ரகக் கூட்டம் இந்த ராணியை எளிதில் ஏற்காது. புதியவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

நம் அடுக்குத் தேனீக்கு இந்தத் தலைவலி குறைவு. உண்ணியின் பழைய வீடே அதுதான்; அங்கே ஆண் புழு அறைகளில் மட்டுமே பெருகும். மார்த்தாண்டம் பெட்டிக்காரர்களை 1990களில் வீழ்த்தியது தாய்லாந்து சாக்புரூட் வைரஸ், உண்ணி அல்ல.

எந்த ரகம் வாங்கினாலும் ஒரு சிக்கல் உண்டு. ராணி வானில் பறந்து ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஆண் தேனீக்களோடு கூடும். கூட்டம் தானாக ராணியை மாற்றிக்கொண்டால், புது ராணி பக்கத்து வீட்டு ஆண்களோடுதான் கூடியிருக்கும். எதிர்ப்பு தலைமுறைக்குத் தலைமுறை நீர்த்துப்போகும். ஆகவே வாங்கிய ராணியின் முதுகில் வண்ணப் பொட்டு வையுங்கள். பொட்டில்லாத ராணி கண்ணில் பட்டால் புதிதாக வாங்க நேரம் வந்துவிட்டது.

மருந்தே போடாமல் பிழைத்தவற்றை வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். ஸ்வீடனின் கோட்லாந்து தீவில் 1999இல் 150 கூட்டங்களை அப்படி விட்டார்கள். சில ஆண்டுகளில் பெரும்பாலானவை மடிந்தன; கொஞ்சம் பிழைத்தன. 150இல் கொஞ்சம் மிஞ்சும், இரண்டில் என்ன மிஞ்சும்? சாகும் பெட்டியைக் கொள்ளையடிக்க வரும் அண்டைத் தேனீக்கள் உண்ணியையும் சேர்த்து எடுத்துப்போகும். அதனால் சும்மா விடாமல் அளந்து பாருங்கள்: அரைக் கோப்பை, அதாவது சுமார் 300 தேனீக்களைச் சாராயத்தில் குலுக்கி, உதிரும் உண்ணிகளை எண்ணுங்கள். ஒன்பது உண்ணி விழுந்தால் எதிர்ப்பு ரகமானாலும் மருந்துதான்.

ராணி விற்பவரிடம் இதே எண்ணைக் கேளுங்கள்: தாய்க் கூட்டத்தில் கோடை முடிவில் 300க்கு எத்தனை, கடைசியாக மருந்து போட்டது எப்போது? எண்ணுக்குப் பதிலாகப் பெருமை வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.