அச்சகம் மட்டும் போதுமா? மானிப்பாய் தரும் தொழிற்பாடம்

நூல் வெளியீட்டு விழா என்றால் முதற்பிரதி பெறுவதற்கு ஒரு வர்த்தகப் பிரமுகரை அழைப்பது எமது நாட்டில் நெடுநாள் வழக்கம். அவரும் தாராளமாகப் பணம் கொடுத்துப் பிரதியைப் பெற்றுக்கொள்கிறார். ஆனால் விழா முடிந்த பின்னர் எஞ்சிய பிரதிகள் பல வேளைகளில் எழுத்தாளரின் வீட்டு அறையிலேயே தேங்கிவிடுகின்றன. அச்சகங்கள் இல்லாததால் இந்த நிலை ஏற்படவில்லை. நூல் வெளியீட்டைத் தொழிலாகக் கற்றவர்கள் குறைவாக இருப்பதே காரணம்.

அச்சிடுவது வேறு, வெளியிடுவது வேறு. கொடுத்ததை அழகாக அச்சிட்டுக் கட்டித் தருவது அச்சகத்தின் வேலை. எந்தப் பிரதியை ஏற்பது, யார் திருத்துவது, எத்தனை பிரதி போடுவது, என்ன விலை வைப்பது, எந்தக் கடைக்கு எப்படி அனுப்புவது என்று முடிவு செய்பவரே வெளியீட்டாளர்.

மானிப்பாயில் நடந்தது

யாழ்ப்பாணம் இந்தத் தொழிலை ஒரு காலத்தில் முறையாகவே கற்றிருந்தது. 1816இல் இங்கு வந்த அமெரிக்க மிஷனரிமாருக்கு 1820இல் ஜேம்ஸ் கரெட் என்ற அச்சாளர் வந்து சேர்ந்தார். ஆனால் ஆங்கில அரசாங்கம் அவரை நாட்டில் தங்க விடவில்லை. 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கான செமினரி ஆரம்பமானது. 1834இல் ஈஸ்ட்மன் மைனர் என்ற அச்சாளர் வந்த பின்னர் அயலூரான மானிப்பாயில் மிஷன் அச்சகம் நிலைபெற்றது.

ஒரே மிஷனின் கீழ் கல்லூரியும் அச்சகமும் அருகருகே இயங்கியதுதான் முக்கியமான விடயம். கல்லூரி எழுதத் தெரிந்தவர்களை உருவாக்கியது. அச்சகம் அவர்களுக்கு வேலைக்களமாக அமைந்தது. 1841 ஜனவரியில் வெளிவரத் தொடங்கிய 'உதயதாரகை' பத்திரிகையின் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், செத் பேசன் இருவரும் அந்தச் செமினரியில் பயின்ற தமிழர்கள். அடுத்த ஆண்டு, 1842இல், ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்ட தமிழ் அகராதி மானிப்பாயில் அச்சேறியது. அத்தனை பெரிய வேலையைப் பிழை பார்த்து அச்சேற்றப் பழகிய கைகள் வேண்டும்.

செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆனால் கற்ற தொழில் அழியவில்லை. அங்கு பயின்ற சி.வை. தாமோதரம்பிள்ளை சென்னைக்குச் சென்று, பின்னர் வீரசோழியம், கலித்தொகை போன்ற பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் பணியாற்றிய ஆறுமுக நாவலர், 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் தமது அச்சகத்தை நிறுவினார். மிஷனரிமாரோடு சமயத்தில் மாறுபட்டவர், தொழிலை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளத் தயங்கவில்லை. வர்த்தகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

கணக்குத் தெரியாவிட்டால்

இன்று என்ன கற்க வேண்டும் என்பதை ஓர் உதாரணக் கணக்கால் பார்ப்போம். ஒரு நூலுக்குத் தட்டச்சு, திருத்தம், அட்டை வடிவமைப்பு ஆகிய ஆரம்பச் செலவு 80,000 ரூபா. பிரதியொன்றுக்குத் தாள், அச்சு, கட்டுச் செலவு 240 ரூபா என்று கொள்வோம். 500 பிரதி அடித்தால் மொத்தம் 200,000. பிரதி 400 ரூபா அடக்கம். விற்பனை விலை 600 வைத்து, கடைக்கு 35 வீதக் கழிவு கொடுத்தால் கையில் வருவது 390 ரூபா. எல்லாப் பிரதியும் விற்றாலும் 5,000 ரூபா நட்டம்!

அடக்கத்தைக் குறைக்கவென 1,000 பிரதி அடித்தால் பிரதிக்கு 320 ரூபாதான் வரும். ஆனால் 600 மட்டுமே விற்றால் நட்டம் 86,000. எமது கடைகளில் எந்தப் பொருளையும் இப்படிக் கொள்முதல் செய்ய மாட்டோம். புத்தகத்துக்கு மட்டும் ஏன் செய்கிறோம்? 2022 நெருக்கடியில் தாளுக்கே தட்டுப்பாடு வந்து, நாளிதழ்கள் சில தமது சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்த நேர்ந்ததை நாம் கண்டோம். தாளை வீணாக்கும் தொழில் நிலைக்காது.

பல்கலைக்கழகம் செய்யக்கூடியது

அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் அரச பல்கலைக்கழகம் 2001இல் 'ஊலிகன்' என்ற வெளியீட்டகத்தைத் தொடங்கியது. பட்டப்பின்படிப்பு மாணவர்களே பிரதிகளைத் தெரிவு செய்து, திருத்தி, வடிவமைத்து, விளம்பரம் செய்து சந்தைக்கு அனுப்பினர். பரீட்சைக்காக ஒரு மாதிரிப் புத்தகம் செய்யாமல், கடையில் விற்க வேண்டிய புத்தகத்தைச் செய்தே கற்றார்கள்.

1974இல் வளாகமாக ஆரம்பித்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறையும் இருக்கிறது, முகாமைத்துவ பீடமும் இருக்கிறது. திருத்தம் ஒரு பக்கம், கணக்கும் சந்தையும் மறுபக்கம். இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்து, ஆண்டுக்கு இரண்டு நூல்களை மாணவர்கள் கையால் வெளியிடச் செய்தால் அதுவே நல்ல தொடக்கம்.

இதில் எமது பங்கும் உண்டு. அச்சகம் வைத்திருப்பவர் விடுமுறைக் காலத்தில் இரண்டு மாணவர்களுக்கு வேலைப் பயிற்சி கொடுக்கலாம். புத்தகக் கடைக்காரர் எந்த நூல் எத்தனை போகிறது என்ற விற்பனை விபரத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். முதற்பிரதிக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதியை ஒரு மாணவனின் பயிற்சிக்கு ஒதுக்கலாம். ஒரு பிரதியை வாங்கினால் ஒரு விழா நிறைவேறும். ஒருவனுக்குத் தொழில் பழக்கினால் பல நூல்கள் வீட்டு அறையை விட்டு வெளியே வரும்.